கரும்புச்சாறும் கேழ்வரகும்



ஆதிபகவனின் முதற் பாரணையை அறியாத குழந்தை நம் இல்லங்களில் இல்லை. அரசு துறந்து தவம் மேற்கொண்ட விருஷப தேவர் ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்தார். நோன்பு முடிந்து ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் எழுந்தருளியபோது மக்கள் ஓடோடி வந்து எதிர்கொண்டனர். யானையைக் கொணர்ந்தார் சிலர். தேரைக் கொணர்ந்தார் சிலர். பொன்னும் மணியும் பட்டும் குவித்தார் சிலர். தம் மகளிரையே மணம் புரிவிக்க முன்வந்தவரும் உண்டு. ஒரு கவளம் உணவைக் கொடுக்க மட்டும் எவருக்கும் தெரியவில்லை. அன்பில் குறையில்லை, செல்வத்தில் குறையில்லை, எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்ற அறிவில் மட்டுமே குறை. அக்குறையினால் மேலும் பல திங்கள் பகவன் பசியோடு நடந்தார். இறுதியில் அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவு வரப்பெற்று, தன் நாட்டில் விளைந்த கரும்பின் சாற்றை முறையோடு அளித்தான். அந்த நாளே அட்சய திருதியை.

கரும்புச்சாறு கொடுத்த அந்நாளில் இன்று நாம் என்ன செய்கிறோம்? நகைக்கடை வாயிலில் வரிசையில் நிற்கிறோம். பகவன் ஏற்காது விலக்கிச் சென்ற பொருளை வாங்கவே அந்நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். இதனை நாம் நகைப்பாகச் சொல்லவில்லை. பசித்தவருக்கு வேண்டியது எது என்று அறியாத அந்த மயக்கம் இன்றும் தீரவில்லை என்பதற்காகவே சொல்லுகிறோம்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், கொடையின் பயன் நான்கினால் வேறுபடும் என்று உமாஸ்வாமி ஆசாரியர் வகுத்துள்ளார். கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், கொள்பவர் என்பன அந்நான்கு. தனி மனிதர் கொடைக்கு ஆசாரியர் வகுத்த இந்த அளவுகோலைக் கொண்டே, இன்று அரசு செய்யும் உணவுக்கொடையையும், அதில் நமக்குள்ள பங்கையும் அளந்து பார்க்கலாம். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல் என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்குக் கற்பித்தார்கள். ஆகையால் நாம் அறிந்த பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்குவோம்.

வேலூர், ஆம்பூர் வட்டாரப் பள்ளிகளில் நாம் பணியாற்றிய தொடக்க ஆண்டுகளில், காலை வழிபாட்டின்போது பிள்ளைகள் மயங்கி விழுவது அரிய காட்சியன்று. முகத்தில் நீர் தெளித்து நிழலில் அமர்த்தி, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால், பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். தமிழகப் பள்ளிகளில் மதிய உணவு 1956இல் காமராசர் ஆட்சியில் விரிவு பெற்றது. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஊர்ப்புறங்களில் சத்துணவுத் திட்டம் தொடங்கி, அதே ஆண்டில் நகரங்களுக்கும் வந்தது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பட்டது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே சத்துணவுக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடு புலப்படும்.

இல்லங்களுக்கு நியாயவிலைக் கடை உண்டு. 1972இல் அமைந்த தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் உழவரிடம் நெல் வாங்கி, அரிசியாக்கி, கிடங்குகளில் சேர்த்து, கடைகளுக்கு அனுப்புகிறது. இந்நாட்டின் பல மாநிலங்கள் ஏழையர் என்று பட்டியலிட்டவர்க்கு மட்டும் தானியம் கொடுத்தபோதும், தமிழகம் அட்டை உடையார் அனைவருக்கும் கடையைத் திறந்தே வைத்தது. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றியே கிடைத்தது. 2020இல் பெருந்தொற்றின் ஊரடங்கில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் கதவடைத்தபோது, கூலியை மட்டுமே நம்பிய பல்லாயிரம் வீடுகளில் அடுப்பு அணையாமல் காத்தது அந்த அரிசி. இதனை நன்றியோடு நினைத்தல் அறிவுடையோர் கடன்.

இனி, பொருளின் சிறப்பு யாது என்று பார்ப்போம். தவத்தையும் சாத்திரப் பயிற்சியையும் வளர்க்கும் உணவே சிறந்த தானப்பொருள் என்று பூஜ்யபாதர் தம் உரையில் விளக்குகிறார். வயிற்றை நிரப்பினால் போதாது. உண்டவரின் உடலும் கல்வியும் தழைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவராகக் காணப்பட்டனர். வயிறு நிறைந்தும் உடல் வாடுகிறது. இதுவும் பசியே, கண்ணுக்குப் புலப்படாத பசி.

நம் வடாற்காட்டு மண்ணில் முன்னோர் உண்டது அரிசி மட்டுமா? கேழ்வரகுக் களியும், கம்பங்கூழும், சாமைச் சோறும் அன்றாட உணவாக இருந்தன. அரிசிச் சோறு பல வீடுகளில் பண்டிகை உணவாகவே இருந்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குதானும் இல்லை. குறைந்த மழையிலும் விளையும்; ஆழ்துளைக் கிணற்றை எதிர்பார்க்காது; நெடுநாள் பூச்சி அரிக்காமல் இருக்கும். பூச்சி வந்த தானியத்தைப் புடைக்கையில் நேரும் உயிர்க்கேட்டை எண்ணி அஞ்சும் நம் இல்லத்தரசியர் இப்பயிரின் அருமையை நன்கு அறிவர்.

இதனை அரசும் உணரத் தலைப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023இல், நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசி அட்டைதாரர்க்கு இரண்டு கிலோ அரிசிக்கு ஈடாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. தருமபுரி, கிருட்டினகிரி உழவர்கள் விளைவித்த கேழ்வரகை அரசே குறைந்தபட்ச ஆதரவு விலை கொடுத்து வாங்கியது. அவ்விலை 2023-24இல் குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். 2025-26இல் 4,886 ரூபாய். ஒரு கையால் உழவரின் கவலையைத் தீர்த்து, மறு கையால் அண்டை ஊரின் பசியைத் தீர்க்கும் முறை இது. ஒடிசா மாநிலம் 2017இல் தொடங்கிய சிறுதானிய இயக்கத்தின் வழி இதனைச் செய்தது. தொலைவிலுள்ள பிரேசில் நாடு 2003இல் தொடங்கிய திட்டத்தில் சிறு உழவரிடம் விளைபொருளை வாங்கி வறிய குடும்பங்களுக்கு அளித்தது. பள்ளி உணவுக்காக மைய அரசு தரும் நிதியில் குறைந்தது 30 விழுக்காடு உழவர் குடும்பங்களின் விளைச்சலுக்கே செல்ல வேண்டும் என்று 2009இல் சட்டமும் இயற்றியது.

வாங்குபவரின் ஒரு சொல் உழவர் வாழ்வை எவ்வளவு அசைக்கும் என்பதற்கு நம் கரும்பே சான்று. 2023ஆம் ஆண்டுப் பொங்கல் தொகுப்பு பற்றிய முதல் அறிவிப்பில் அரிசியும் சர்க்கரையும் ரொக்கமும் இருந்தன, கரும்பு இல்லை. அரசு வாங்கும் என்று நம்பிப் பயிரிட்ட உழவர்கள் கலங்கி முறையிட்டனர். சில நாட்களில் முழுக்கரும்பும் சேர்க்கப்பட்டது. அப்பொங்கலில் ஏழை வீட்டு வாசலில் நின்ற கரும்பு, இன்னொரு ஏழையின் வயலைக் காத்த கரும்பு. சிரேயாம்சன் கொடுத்த பொருளின் பெருமை இந்நாளிலும் குன்றவில்லை என்று நமக்குத் தோன்றியது.

ஆயின், கேழ்வரகுத் திட்டம் தொடங்கிய இரு மாவட்டங்களில் நம் பாலாற்று வட்டாரம் இல்லை. நம் வட்டாரத்துக்கோ வேறொரு துன்பமும் உண்டு. இங்கே உணவு விளையும் நிலமே நோயுற்றது. ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்புகள் வந்தன. பச்சைத் தோலைக் காக்கத் தூவிய உப்பும் கழிவுநீரோடு கலந்து மண்ணில் இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் அளித்த தீர்ப்பில், தோல் பதனிடும் இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாது போயிற்று என்ற ஆய்வுச் செய்தி எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. 2025 ஜனவரி 30ஆம் நாள் அதே நீதிமன்றம் மீண்டும் இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் ஆணையிட வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளை நெருங்கியும் நீர் தெளியவில்லை என்பதன்றி இதற்கு வேறு பொருள் என்ன?

ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. முதலாம் பராந்தகச் சோழனின் 38ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. பத்தாம் நூற்றாண்டின் இடைப்பகுதி. திருப்பான்மலை அரிஷ்டநேமி படாரரின் மாணாக்கியாகிய பட்டினிக் குரத்தியார் என்னும் அம்மையார் அங்கே கிணறு தோண்டுவித்ததையும், அது பெண்பள்ளியின் உடைமை ஆனதையும் அக்கல்வெட்டு சொல்லுகிறது. குரத்தி என்றால் பெண் ஆசிரியர். துறவறம் பூண்ட ஓர் ஆசிரியை, இந்த மண்ணுக்கு விட்டுச் சென்றது நல்ல நீர். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதே பாலாற்றுச் சமவெளியில் பல கிணறுகளின் நீரை வாயில் வைக்க இயலவில்லை. அன்னதானம் பந்தியில் தொடங்குவதன்று. நீரிலும் நிலத்திலும் தொடங்குவது. நிலத்தைக் கொன்றபின் அரிசியைத் தொலைவிலிருந்து கொணர்ந்து கொடுத்தால், அது பசி தீர்க்கும் மருந்தாகலாம். நோயின் வேரைக் களையாது.

அடுத்து, முறை. விருந்தினர்க்குப் பகுத்தளிக்கும் நோன்பாகிய அதிதி சம்விபாகத்திற்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது குற்றங்களை, ஆசாரியர் கூறுகிறார். அவற்றுள் மூன்றை இங்கே நினைவு கொள்வோம். பரவியபதேசம், கொடுக்கும் கடமையைப் பிறர்மேல் சார்த்துதல். மாத்சரியம், மதிப்பின்றிக் கொடுத்தல். காலாதிக்கிரமம், காலம் கடந்து கொடுத்தல். பசித்தவரை நாள் முழுதும் வரிசையில் நிற்க வைத்து, "சரக்கு வரவில்லை, நாளை வா" என்று திருப்புவது காலாதிக்கிரமம். "இலவசம்தானே, உனக்கென்ன குறை?" என்று முகம் சுளிப்பது மாத்சரியம். "அரசு பார்த்துக்கொள்ளும், நமக்கென்ன?" என்று நாம் இருப்பது பரவியபதேசம்.

கள்ளாமை நோன்பின் ஐந்து குற்றங்களையும் பாருங்கள். திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரச ஆணையை மீறுதல், எடையிலும் அளவிலும் ஏமாற்றுதல், கலப்படம் செய்தல். நியாயவிலைக் கடையின் குறைகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் கேட்டால் இதனினும் தெளிவாக எவர் எழுத முடியும்? பசித்தவருக்கென ஒதுக்கிய அரிசி எல்லை கடந்து கடத்தப்படுவதாக நம் மாவட்டங்களில் வழக்குகள் பதிவாகின்றன. விற்பவர் இருப்பதனால்தான் கடத்துபவர் இருக்கிறார். வசதியுள்ள வீட்டார் அட்டைக்கு வரும் அரிசியை வாங்கி விற்பதும், மாட்டுத்தீவனத்துக்குக் கொடுப்பதும் சிறு செயலாகத் தோன்றலாம். அணுவிரதத்தில் அது சிறு கறையன்று.

மூன்றாவது, கொடுப்பவர். கொள்பவரிடம் பொறாமை கொள்ளாமையும், கொடுத்தபின் வருந்தாமையும் கொடுப்பவரின் குணங்கள் என்பர். அரசின் கொடை நம் வரிப்பணம்; அதனால் நாம் அனைவரும் அதில் கொடுப்பவரே. "உழைக்காதவருக்கு நம் பணம் போகிறதே" என்ற முணுமுணுப்பு நம் கூட்டங்களிலும் கேட்கிறது. கொடுத்தபின் வருந்துபவன் கொடுக்காதவனாகவே ஆகிறான் என்பதை அவ்வன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். உழைக்காதவர் என்பதும் உண்மையன்று. ஆம்பூர்ப் பக்கத்து வீதிகளில் நடந்து பார்த்தால், திண்ணையில் அமர்ந்து காலணியின் மேற்தோலைக் கையால் தைக்கும் பெண்களைக் காணலாம். ஒரு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. விரல் தேய, கண் மங்கத் தைத்தாலும் மாதம் முழுதும் வேலை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. உழைத்தும் பசித்திருப்போர் அவர்கள்.

இங்கே நான்காவதாகிய கொள்பவர் பற்றிய வினா எழுகிறது. "அவர்கள் தோலில் தொழில் செய்வோர், ஊன் உண்போர், அவர்களுக்குக் கொடுப்பது நமக்குத் தகுமா?" என்று கேட்போர் உண்டு. முனிவர்க்கு அளிக்கும் பாத்திர தானம் வேறு, துன்புற்ற உயிர்க்கு இரங்கி அளிக்கும் கருணா தானம் வேறு. முன்னதற்கு விதிகள் பல. பின்னதற்குப் பசி ஒன்றே தகுதி. ஜினசேனாசாரியர் ஆதிபுராணத்தில் கொடைகளை வகுக்கும்போது தயையால் கொடுப்பதற்குத் தனியிடம் அளித்தார். குலமும் தொழிலும் உணவும் கேட்டறிந்த பின் இரங்குவது இரக்கமாகாது. தோலில் தைப்பவரின் கையை ஏளனமாகப் பார்க்குமுன், நம் வீட்டு வாயிலில் கிடக்கும் காலணியையும், இடுப்புக் கச்சையையும், கைப்பையையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. வாங்குபவர் நாமாக இருந்து, தைப்பவர் மட்டும் குற்றவாளி ஆவாரா?

சத்துணவில் முட்டை சேர்ந்தபோது நம் குடும்பங்கள் பல மனம் வருந்தின. அவ்வருத்தம் இயல்பே. உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தரும் ஏற்பாடும் உண்டாயிற்று. எனினும், மெலிந்த பிள்ளையின் எலும்புக்கும் குருதிக்கும் வேண்டியதை நாம் எங்ஙனம் தருவோம் என்று சொல்லாமல் வருந்துவது மட்டும் அகிம்சை ஆகாது. கேழ்வரகும் எள்ளும் பயறும் வெல்லமும் கீரையும் நம் மறுமொழியாக வேண்டும். மறுமொழி வயலில் விளைய வேண்டும். மேடையில் விளைந்தால் போதாது.

உழவைத் தொழிலாக உலகுக்குக் கற்பித்தவர் ஆதிபகவன். தமிழ்ச் சமணர் தலைமுறை தலைமுறையாக உழவர் குடியினர். ஆரணியிலும் போளூரிலும் வந்தவாசியிலும் செய்யாற்றிலும் நம்மவர் நிலங்கள் இன்று எப்படி உள்ளன? பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றனர், பல நிலங்கள் தரிசாயின, சில மனைகளாயின. ஆகவே நாம் சிலவற்றை வேண்டிக்கொள்கிறோம்.

மானாவாரி நிலம் உடையவர்கள் அதனைத் தரிசாக விடாமல், தாமே இயலாவிடில் உள்ளூர் உழவரிடம் நியாயமான குத்தகைக்கு விட்டு, கேழ்வரகும் சாமையும் பயறும் விளைவிக்கச் செய்யுங்கள். கழிவுநீர் பாய்ந்த நிலமாயின், மண்ணையும் நீரையும் ஆய்வு செய்த பின்பே உணவுப்பயிர் இடுங்கள்; நஞ்சைக் கொடுப்பது கொடையன்று. கிராம சபை கூடும் நாட்களில் எழுந்து நின்று, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலும் அருகில் விளையும் சிறுதானியத்தை அரசு வாங்கி நியாயவிலைக் கடையில் வழங்க வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையோடு சிறுதானியத்தையும் உணவுதானியமாகவே சொல்லுகிறது. நாம் கேட்பது சலுகையன்று. அரிசி வேண்டாத குடும்பத்தார் தம் அட்டையைச் சர்க்கரை அட்டையாகவோ, பொருளில்லா அட்டையாகவோ மாற்றிக்கொள்ளுங்கள். தோல் தொழிற்சாலையின் கழிவு ஆற்றில் கலப்பதைக் கண்டால் வாளாவிருக்காதீர்கள். நீரில் வாழும் எண்ணிறந்த உயிர்களுக்கும், அந்நீரை உண்ணும் மக்களுக்கும் நாம் செய்யக்கூடிய அபயதானம் அதுவே.

வரும் அட்சய திருதியையில் ஒரு குந்துமணிப் பொன்னுக்கு ஆகும் தொகையை ஒவ்வொரு குடும்பமும் ஒதுக்கி வைக்கட்டும். அந்தந்த ஊர் ஜினாலயத்தார் அத்தொகை கொண்டு அருகிலுள்ள சிறு உழவரிடம் கேழ்வரகும் வெல்லமும் வாங்கி, சாதி சமயம் வினவாமல், தைத்துப் பிழைக்கும் அந்த வீதிகளின் வீடுகளுக்குக் கொண்டு சென்று, வணங்கிக் கொடுக்கட்டும். வாங்க வருவோரை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தல் வேண்டா. சிரேயாம்சன் பகவனை எதிர்சென்று அழைத்தான். நின்ற இடத்திற்கு வரச் சொல்லவில்லை.

அரசு கொடுக்கும் அரிசி பசியைத் தடுத்து நிறுத்தும். அருகிலுள்ள நிலமும் அதன் நீரும் அதன் உழவரும் பிழைத்தால்தான் பசி திரும்பி வாராதிருக்கும். அந்நிலத்தைக் காப்பதில் நமக்குள்ள பங்கை எவர்மேலும் சார்த்தாமல் ஏற்போமாக.

எவ்வுயிரும் பசியும் அச்சமும் நீங்கி இன்புற்று வாழ்க. ஜினதர்மம் ஓங்குக.